இறாலின் தலையெழுத்து

1719 முதல் 1731 வரை புதுச்சேரிக்கும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்கும் ஒரே முதலாளி. பிரெஞ்சு அரசின் ஆசியோடு நடந்த இந்தியக் கம்பெனி ஒரு கையில் சோழமண்டலக் கரையின் துணி வியாபாரத்தையும் மறு கையில் மிசிசிப்பி ஆற்று முகத்துவாரத்துச் சேற்றையும் வைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சேற்றில் 1718ல்தான் நியூ ஆர்லியன்ஸை எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். லூசியானா என்ற அந்த நிலப்பரப்பு லாபம் தராது என்று தெரிந்ததும், 1731ல் அதை மன்னரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டது. புதுச்சேரியை மட்டும் விடவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர், மண்ணின் பூர்வகுடிகள், பின்னால் கப்பலேறி வந்த சிசிலிக்காரர் என்று பலரும் ஒரே ஊர்ச் சந்தையில் வாங்கி, ஒருவர் அடுப்பை ஒருவர் எட்டிப் பார்த்துச் சமைத்ததில் உருவானதுதான் கிரியோல் சமையல். அதன் பெயர்பெற்ற இறால் பதார்த்தம் எளிமையானது. வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்க வேண்டும். பூண்டும் தக்காளியும் சேர்த்துச் சுண்டவிட வேண்டும். வாசனைக்கு ஓர் இலை, ஒரு மூலிகை, காரத்துக்கு மிளகாய்த் தூள். கடைசியில் இறாலைப் போட்டு இறக்கி, வெள்ளைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

"இது நம்ம இறால் தொக்குதானே" என்று தாம்பரத்துச் சமையலறைகளில் குரல் எழும். முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் விஷயம் இருக்கிறது.

தூரத்து உறவுக்கும் சான்று உண்டு. 1735 முதல் 1746 வரை மொரீஷியஸை ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் லபுர்தொனே, துறைமுகமும் கட்டடங்களும் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் அழைத்துப் போனார். அவர்களுக்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரம் பேர் போனார்கள். இன்றும் மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் 'ருகாய்' என்ற தக்காளிக் குழம்பு வீட்டுக்கு வீடு கொதிக்கிறது. அதிலும் இறால் போடுவார்கள். அந்தத் தீவுகளின் சமையலறையில் கறிவேப்பிலையும் உண்டு, பிரெஞ்சுக்காரரின் தைம் மூலிகையும் உண்டு. லூசியானாவின் கிரியோலுக்கும் நம் தொக்குக்கும் நடுவழியில் நிற்கும் சட்டி அது.

இனி பொருட்களைப் பார்ப்போம். தக்காளி, மிளகாய், குடைமிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகு நம் பக்கம் வந்தவை என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. இறாலும் அப்படித்தான் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். சங்கப் பாடல்களிலேயே இறால் துள்ளுகிறதே என்பார்கள். துள்ளுகிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று மேற்குத் தாம்பரத்திலோ சேலையூரிலோ மேடவாக்கத்திலோ மீன் கடையில் வெளிர் சாம்பல் நிறத்தில், ஒரே அளவில், பனிக்கட்டிமேல் அடுக்கியிருக்கும் இறால் பெரும்பாலும் வனாமி. அதன் தாயகம் பசிபிக் பெருங்கடலின் மறுகரை: மெக்சிகோவின் சொனோராவிலிருந்து பெருவின் வடக்கு ஓரம் வரை. நோயற்ற தாய் இறால்களாக ஹவாய் போன்ற இடங்களில் வளர்க்கப்பட்டு, விமானத்தில் ஏறி இந்தியாவுக்குள் பெருமளவில் வரத் தொடங்கியது 2009ல். வந்திறங்கியது நம் பக்கத்து வீட்டில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரையில், கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் கீழ் இயங்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் ஒரு தனிமைப்படுத்தல் நிலையம் நடத்துகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் வனாமிகள் அங்கே சில நாட்கள் தொட்டியில் காவலில் இருந்து, வைரஸ் பரிசோதனையில் தேறிய பிறகுதான் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போகும். ஆந்திராவின் குளமோ மரக்காணத்துப் பொரிப்பகமோ, வனாமியின் வம்சாவளியைத் தேடிப் போனால் நீலாங்கரையில் வந்து நிற்கலாம்.

ஏன் இந்த வெளியூர்ப் பெண்ணெடுப்பு? நம் கடலிலேயே வெள்ளை இறால் இருக்கிறது, டைகர் இறால் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் டைகர் இறால் பண்ணைகள் தமிழகக் கரையெங்கும் முளைத்தன. 1994, 1995ல் வெண்புள்ளி வைரஸ் வந்து குளங்களைத் துடைத்துப் போட்டது. இன்னொரு பக்கம், வயலும் கிணறும் உப்பேறிப் போனதை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11ல் வந்த தீர்ப்பு இறால் பண்ணைத் தொழிலையே உலுக்கியது. 2005ல் சட்டம் இயற்றி, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் அமைத்து, அதன் தலைமையகத்தைச் சென்னையில் வைத்தார்கள். நோயற்ற குஞ்சு, நெருக்கமாக வளர்த்தாலும் தாங்கும் உடம்பு, குறைந்த உப்பிலும் பிழைக்கும் தன்மை ஆகிய மூன்றும் வனாமிக்கு இருந்ததால் அது ஜெயித்தது. 2023-24ல் இந்தியா 7 லட்சம் டன்னுக்கு மேல் உறைந்த இறாலை ஏற்றுமதி செய்தது. அதில் ஏறக்குறைய 3 லட்சம் டன் போனது அமெரிக்காவுக்கு.

இதில் ஒரு வேடிக்கை. இறக்குமதி இறால் பரிமாறும் உணவகங்கள் அதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்று லூசியானா மாநிலம் 2019ல் சட்டமே போட்டது. சொந்த வளைகுடாவில் பிடித்த இறால் என்று நம்பிச் சாப்பிடுகிறவர் தட்டில் வேறு நாட்டுப் பண்ணை இறால் கிடப்பதாக அங்குள்ள மீனவர்களுக்கு நெடுநாள் குறை. ஆக, கிரியோல் இறாலை அமெரிக்காவுக்குப் போய்ச் சாப்பிட்டாலும் அது ஆந்திரக் குளத்து இறாலாக இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டிலேயே சமைப்பது மேல்.

சமைக்கும் முன் ஒரு கேள்வி. கடல் இறால் ருசி, பண்ணை இறால் சப்பை என்று பாட்டிமார் சொல்வது வெறும் ஏக்கமா, உண்மையா?

உண்மைதான், அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது உப்பு. கடலோர இறால் இனங்களின் வாழ்க்கையே உப்போடு மல்லுக்கட்டுவது. தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு மிதந்து வந்து கழிமுகத்துக்குள் நுழையும். முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்கள் அவற்றுக்குப் பாலர் பள்ளி. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில், முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால், உப்பு ஏறிக்கொண்டே போகும். சில மாதம் வளர்ந்த இறால் மறுபடி கடலுக்குத் திரும்பும். இப்படிச் சுற்றிலும் உப்பு ஏறும்போது உடம்புச் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடாமல் இருக்க, இறால் தன் செல்களுக்குள் கிளைசீன், அலனின், புரோலின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்கும். உள்ளே கரைந்திருக்கும் பொருள் அதிகமானால் தண்ணீர் உள்ளேயே தங்கும். கிளைசீனுக்கு நாக்கில் இனிப்புச் சுவை. இறாலின் தித்திப்பு என்று நாம் சப்புக்கொட்டுவது அது உப்புக்கு எதிராகக் கட்டிய அணையைத்தான். குறைந்த உப்பில், கிணற்று நீர் போன்ற தண்ணீரில் வளர்ந்த இறாலுக்கு அந்த அணை தேவையில்லை. தித்திப்பும் குறைந்துவிடும்.

இரண்டாவது காரணம் புரோமின் கலந்த ஃபீனால்கள். கடற்பாசிகளும் கடலடிப் புழுக்களும் இவற்றை உண்டாக்குகின்றன. அவற்றைத் தின்னும் இறாலின் சதையில் மிகச் சிறிய அளவில் இவை ஏறும். கடல் வாடை, கடல் ருசி என்று நாம் சொல்வதன் பெரும்பங்கு இவற்றுடையது. குருணைத் தீவனம் தின்று வளர்ந்த வனாமிக்கு இது கிடைக்காது.

ஆகவே வசதிப்பட்டால் கோவளத்துப் படகுகளிலோ காசிமேட்டிலிருந்தோ வரும் கடல் வெள்ளை இறாலை வாங்குங்கள். முட்டுக்காட்டில் ஆய்வுப் பண்ணை வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (1987ல் தொடங்கியது) இந்த நாட்டு வெள்ளை இறாலையே பண்ணை இனமாகப் பழக்கும் வேலையிலும் இறங்கியிருக்கிறது. அதுவரை வனாமிதான் கதி என்றால், சப்பையை ஈடுகட்ட ஒரு வழி உண்டு. அந்த வழி இறாலின் தலைக்குள் இருக்கிறது.

தலை என்று நாம் சொல்வது உண்மையில் தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டகம். மூளை, இரைப்பை, செவுள் எல்லாம் அதற்குள்தான். இறாலின் இதயமே தலையில்தான் இருக்கிறது. நாம் சாப்பிடும் வால்பகுதி ஏறக்குறைய முழுக்கத் தசை. முதுகோரம் ஓடும் கறுப்புக் கோடு குடல். நரம்பு எடுத்தாச்சா என்று கேட்கிறோமே, அது நரம்பு அல்ல. நிஜமான நரம்பு வயிற்றுப்புறத்தில் வெள்ளை நூலாக ஓடும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. தலைப் பெட்டகத்துக்குள் ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு கூழ் இருக்கும். கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் பார்க்கும் சுரப்பி அது. இறால் சேமித்துவைக்கும் கொழுப்பின் பெரும்பகுதி அங்கேதான். வாசனைப் பொருட்கள் கொழுப்பில் குடியிருக்கும். தலையும் ஓடும் சேர்ந்தால் முழு இறாலின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் வரும். காசு கொடுத்து வாங்கியதில் கிட்டத்தட்ட பாதியை, அதுவும் ருசியுள்ள பாதியை, கடையின் குப்பைக்கூடைக்குத் தானம் செய்துவிட்டு வருகிறோம்.

கிரியோல் சமையல்காரர் இதைச் செய்யமாட்டார். நம் தொக்குக்கும் அவர் குழம்புக்கும் உள்ள கால்வாசி வித்தியாசம் இதுதான். முதலில் தலையையும் ஓட்டையும் சட்டியில் போட்டுச் சாறு இறக்குவார். அந்தச் சாறில்தான் தக்காளி கொதிக்கும்.

சாறு இறக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. தலையை நேராகத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது, முதலில் எண்ணெயில் வறுக்க வேண்டும். ஏன் என்று புரிய, இறால் ஏன் சிவக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பச்சை இறாலின் சாம்பல், நீலம், பச்சை எல்லாமே மாறுவேடம். உள்ளே இருப்பது அஸ்டாக்சாந்தின் என்ற செம்மஞ்சள் நிறமி, கேரட் நிறமியின் உறவுக்காரன். இறாலால் இதை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்க முடியாது. நுண்பாசிகளிலிருந்து, தீவனத்திலிருந்துதான் மூலப்பொருள் வர வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் வந்து போகும் பூநாரைகளின் ரோஜா நிறமும் இந்த நிறமிக் குடும்பத்தின் கொடைதான். அவையும் தின்றே சிவக்கின்றன.

தனியாக இருக்கும் அஸ்டாக்சாந்தின் நீல ஒளியை, அதாவது 470, 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை விழுங்கும். அதனால் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். ஓட்டில் அது தனியாக இருப்பதில்லை. கிரஸ்டாசயனின் என்ற புரதம் அதைக் கவ்விப் பிடித்து, மூலக்கூறை வளைத்து வைத்திருக்கும். இந்தப் பிடியில் சிக்கியதும் அது விழுங்கும் ஒளி 630 நானோமீட்டர் பக்கம், அதாவது சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். இப்போது அது நீலம். ஐரோப்பியச் சிங்கி இறாலின் ஓட்டில் இந்தப் பிடி எப்படி அமைந்திருக்கிறது என்பதை எக்ஸ்-கதிர்ப் படிகவியல் 2002ல் காட்டியது. வெளிச்சம் எட்டும் கடலடியில் சிவப்பு உடை போட்டுத் திரிந்தால் உயிர் தப்பாது, நீலமும் சாம்பலும் பாதுகாப்பு. கருந்தரைத் தொட்டியில் வைத்த டைகர் இறால் தன் நிறத்தை இன்னும் அடர்த்தியாக்கிக்கொள்ளும். வேகவைத்தால் கூடுதலாகச் சிவக்கும் என்பதால் பண்ணைக்காரர்களுக்கு அது லாபம்கூட.

சூடு பட்டதும் புரதம் குலையும், பிடி தளரும், நிறமி விடுபடும், சிவப்பு தெரியும். சட்டி எதையும் புதிதாகப் பூசவில்லை. வேஷத்தைக் கலைத்தது, அவ்வளவுதான்.

இந்த நிறமி தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். தலையை எண்ணெயில் வறுத்தால் ஐந்தாறு நிமிடத்தில் எண்ணெய் குங்குமச் சிவப்பாகிவிடும். கூடவே இன்னொன்றும் நடக்கும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, எண்ணெய் தாண்டும். அந்தச் சூட்டில் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து வறுத்த வேர்க்கடலை, வறுத்த காப்பிக்கொட்டை வாசனைக் குடும்பத்தைச் சேர்ந்த பைரசீன்களை உண்டாக்கும். கிளைசீன் நிறைந்த இறாலில் இது தாராளமாகவே நடக்கும். பிறகு தண்ணீர் ஊற்றி, கரண்டியால் தலைகளை நசுக்கி, 20 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும். ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டாம். எலும்புச் சாறு போல இதில் கரைந்து வரப் பெரிதாக எதுவும் பாக்கி இல்லை. ஓட்டின் சட்டகமான கைட்டின் எவ்வளவு கொதித்தாலும் கரையாது. வேதிமுறையில் அதைப் பிரித்துக் கைட்டோசன் ஆக்கி, ரத்தக் கசிவை நிறுத்தும் கட்டுத்துணிக்குப் பயன்படுத்துகிறார்கள். அது ஆலையின் வேலை, அடுப்பின் வேலை அல்ல.

இனி வெங்காயம், செலரி, குடைமிளகாய் என்ற அந்த மூவர் கூட்டணி. வெங்காயத்தைப் பற்றித் தமிழருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: தக்காளி ஊற்றும் முன் வெங்காயம் முழுக்கக் குழைந்திருக்க வேண்டும். காய்கறிச் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. அரைவேக்காட்டு வெங்காயத்தில் தக்காளியைக் கொட்டிவிட்டால், எத்தனை நேரம் கொதித்தாலும் அது நறுக்நறுக்கென்றே கிடக்கும்.

குடைமிளகாய்க்கு அதன் பச்சை மணத்தைக் கொடுப்பது மெத்தாக்சிபைரசீன் வகை மூலக்கூறு ஒன்று. லிட்டர் தண்ணீரில் 2 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்துக்கு 5 மில்லிகிராம் போதும் என்று கணக்கு வருகிறது. காய் பழுத்துச் சிவக்கும்போது இது குறைந்துவிடும். அதனால்தான் கிரியோல் சட்டிக்குப் பச்சைக் குடைமிளகாய். மிளகாயும் குடைமிளகாயும் ஒரே இனம் என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரம் உண்டாக்கும் மரபணு வேலை செய்யாமல் போன மிளகாய்தான் குடைமிளகாய்.

செலரிதான் தாம்பரத்தில் சிக்கல். சண்முகம் சாலையில் குடைமிளகாய் குவிந்து கிடக்கும், செலரிக்குக் குளிரூட்டிய பெரிய கடைகளைத்தான் தேட வேண்டும். கொத்தமல்லித் தண்டு போட்டால் போதாதா என்றால், போதாது. செலரியின் வாசனை தாலைடு என்ற வேறு குடும்பம். கோழிச் சாறில் இவற்றை மிகச் சிறிதளவு சேர்த்தபோது சாறின் ருசி அடர்த்தியானதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். செலரியின் வாசம் தனியாகத் தெரியவே தெரியாது, ஆனால் அது இல்லாத குழம்பு மெலிந்து தெரியும். ஒரு தண்டு கிடைத்தால் போதும்.

தைம் மூலிகைக்கு மாற்று வாங்கக் கடைக்கே போக வேண்டாம். தைமின் மணத்துக்குக் காரணம் தைமால், கார்வக்ரால் என்ற இரண்டு எண்ணெய்ப் பொருட்கள். நம் ஓமத்தின் மணமும் தைமால்தான். மாடித் தொட்டியில் இருமலுக்காக வளர்க்கும் கற்பூரவல்லி இலையில் இரண்டுமே உண்டு. கரீபியத் தீவுகளில் இதே கற்பூரவல்லியை அகல இலைத் தைம் என்று சொல்லி மீனுக்கும் இறைச்சிக்கும் அரைத்துப் பூசுகிறார்கள். நாம் கஷாயத்தோடு நிறுத்திக்கொண்டது நமக்குத்தான் நஷ்டம். ஒரு பெரிய இலை போதும், இரண்டு போட்டால் சட்டி மருந்துக்கடை ஆகிவிடும். பிரிஞ்சி இலை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அவர்கள் போடுவது ஐரோப்பிய லாரல் இலை, யூகலிப்டஸ் சாயல் கொண்டது. நம் பிரிஞ்சி இலை பட்டையின் தம்பி, பிரியாணி வாசம் கொண்டுவந்துவிடும். லாரல் இலை கிடைக்காவிட்டால் இலையே வேண்டாம்.

தக்காளி ஏன்? கிரியோலும் தொக்கும் ருகாயும் ஏன் இறாலைத் தக்காளியோடு சேர்த்துவைத்தன? பழுத்த தக்காளியில் குளுட்டமேட் நிறைய. 1908ல் ஜப்பானின் கிகுனே இகெடா கடற்பாசிச் சாறிலிருந்து பிரித்து, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்புக்கு அப்பால் தனிச்சுவை என்று நிறுவியது இதைத்தான். இறால் பக்கத்தில் வேறொன்று நடக்கிறது. உயிர் போன பின் தசையின் எரிபொருளான ஏடிபி படிப்படியாக உடையும். மீனில் அது ஐஎம்பி என்ற நிலையில் தேங்கும். இறாலில் அதற்கு ஒரு படி முன்னால், ஏஎம்பியில் தேங்கும். குளுட்டமேட்டும் இந்த வகைப் பொருட்களும் நாக்கில் ஒன்றாகப் பட்டால் சுவை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். நாக்கின் ஒரே ஏற்பியில் இரண்டும் அடுத்தடுத்து அமர்ந்து ஒன்றின் பிடியை மற்றொன்று இறுக்குவதே காரணம். மூன்று கரைகளிலும் இருந்த சமையல்காரிகளுக்கு ஏற்பி தெரியாது. ஆனால் நாக்கு இருந்தது. தக்காளியின் புளிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. கவிச்சி வாடை தரும் அமீன்களை அமிலம் உப்பாக மாற்றிவிடும், அவை ஆவியாகி மூக்குக்கு ஏறாது. புளி ஊற்றிய மீன்குழம்பின் ரகசியமும் அதேதான்.

சாறு, மூவர், தக்காளி மூன்றும் சேர்ந்து கெட்டியாகி, மேலே சிவந்த எண்ணெய் பிரிந்ததும் அடுப்பில் வேலை முக்கால்வாசி முடிந்தது. கடைசியில்தான் இறால் சதை. இங்கேதான் நம் வீடுகளில் தொக்கு ரப்பராகிறது. இறாலை முதலிலேயே போட்டு, மசாலாவோடு சேர்த்து இருபது நிமிடம் வதக்குகிறோம். இறால் தசையின் முக்கியப் புரதமான மயோசின் 50 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். 60 முதல் 65 டிகிரிக்குள் சதை வெந்து, நீர் தங்கி, கடித்தால் துள்ளும் பதத்தில் இருக்கும். 70ஐத் தாண்டியதும் அடுத்த புரதமான ஆக்டினும் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதன் பிறகு எவ்வளவு கிண்டினாலும் பயனில்லை. கொதிக்கும் குழம்பில் நடுத்தர அளவு இறாலுக்கு அதிகபட்சம் இரண்டு மூன்று நிமிடம் போதும். பிறை வடிவில் வளைந்தால் வெந்துவிட்டது, வளையமாகச் சுருண்டால் கைமீறிவிட்டது. ஆபத்து வந்தால் வாலை வயிற்றுப் பக்கம் மடக்கி அடித்துப் பின்னோக்கிப் பாய்வதுதான் இறாலின் தப்பிக்கும் வித்தை. அதற்கென்றே அமைந்த பருத்த தசை சூட்டில் சுருங்கும்போதும் அதே திசையில்தான் இழுக்கிறது.

மறுபுறம், தீயை மெதுவாக வைத்துப் பொறுமையாக வேகவிடுவதும் ஆபத்து. தலைச் சுரப்பியின் செரிமான நொதிகள் சதைக்குள் கசிந்திருந்தால், 55, 60 டிகிரிச் சூட்டில் அவை வெறிகொண்டு வேலை செய்து சதையைக் கூழாக்கும். சட்டென்று ஏறும் சூடுதான் அவற்றை அடக்கும். கெட்டுப்போகாத இறால்கூட சிலசமயம் வெந்ததும் மாவாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

சோற்றுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடைகளில் 'கன்வர்ட்டட்' என்ற பெயரில் பெருமையாக விற்கும் அரிசி நம் புழுங்கல் அரிசிதான். நெல்லாக இருக்கும்போதே வேகவைத்துக் காயவைப்பதால் அதன் மாவுச்சத்து உள்ளேயே இறுகி, சோறு ஒட்டாமல் உதிரும், குழம்பைத் தாங்கும். வீட்டுப் பொன்னிப் புழுங்கல் இருக்கும்போது பாஸ்மதிக்குப் போவது வீண் செலவு.

யாருக்காவது இறால் ஒவ்வாமை உண்டென்றால் இந்தச் சாறு அவர்களுக்கு ஆகவே ஆகாது. இறாலை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றுகிறேன் என்று தாராளம் காட்டாதீர்கள். ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் புரதம் கொதித்தாலும் குணம் மாறாது, சாறில் கரைந்தே வரும். கரப்பான் பூச்சி, வீட்டுத்தூசியில் வாழும் உண்ணி இவற்றின் உடம்பிலும் அதே சாயலில் ஒரு புரதம் இருப்பதால், தூசி ஒவ்வாமை உள்ள சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு.

தலையோடு வாங்குவதற்குக் கடைசியாக ஒரு நிபந்தனை: இறால் புதிதாக இருக்க வேண்டும். தலை உடம்போடு இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டதும் கழன்று வந்தாலோ, இணைப்பில் கறுத்திருந்தாலோ, அம்மோனியா நெடி அடித்தாலோ வேண்டாம். அந்தக் கறுப்பு கிருமியால் வருவதல்ல. நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்கவைக்கும் அதே வகை நொதியின் வேலை, தன்னளவில் விஷமும் அல்ல. ஆனால் இறால் செத்து நேரமாகிவிட்டது என்று அது காட்டிக்கொடுக்கும். வாங்கியதும் பனிக்கட்டியோடு கட்டித்தரச் சொல்லுங்கள். "சுத்தம் பண்ணித் தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டால் தாராளமாகச் சம்மதியுங்கள். தலையையும் ஓட்டையும் மட்டும் தனிப் பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தலை நுனியில் இருக்கும் முள்ளை நறுக்கி எறிந்துவிட்டு அலசி, அன்றே வறுத்துச் சாறு எடுத்துவிடுங்கள். சமைக்க நேரமில்லை என்றால் வடிகட்டிய சாறை உறைபெட்டியில் வையுங்கள். அடுத்த வாரம் வைக்கும் சாதாரண இறால் தொக்குக்கும் அது உதவும்.